பல் டாக்டர்

பட்டறைத் தெருவில் அவரைப் பல் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. காரின் பின்சக்கரங்களுக்கு நடுவே, பின்னச்சில் பூசணிக்காய் மாதிரி உருண்டையாக ஒன்று தொங்குமே, டிஃபரன்ஷியல், அதற்குள் இருக்கும் பல்சக்கரங்களைக் காப்பாற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இது முதல் காரணம். எதிர்த்துப் பேசியவன் வாயிலிருக்கும் பற்களைக் கழற்றுவதிலும் அப்படியே. முதல் வேலைக்குக் கூலி வாங்குவார். இரண்டாவது இலவசம்.

அவருடைய சொந்த முன்பற்கள் இரண்டும் ஸ்டீல். அசல் பற்கள் போனது அப்பாவின் கையால். லாரி ஓட்டிய அந்த மனிதர், வீல் ஸ்பேனரின் ஒரு முனையை டயருக்கும் மறுமுனையைப் பிள்ளை வளர்ப்புக்கும் வைத்திருந்தார். அந்த வீட்டில் முந்தி அடிப்பவனுக்குத்தான் சோறு சூடாகக் கிடைக்கும் என்பதைப் பையன் சீக்கிரமே புரிந்துகொண்டான். மீசை முளைத்த வருஷம் ஒருநாள் அவன் முந்தினான். அப்பா காது கிழிந்து சுவரோரம் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அப்பனும் மகனும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள் என்று கேள்வி. மரியாதை எப்படி வருகிறது என்பதைப் பற்றி டாக்டருக்கு இருந்த அபிப்பிராயம் அன்றோடு உறைந்துபோனது.

இப்பேர்ப்பட்டவர் வாடிக்கையாளர்களிடம் பேசுவதைக் கேட்க வேண்டும். அகிம்சைப் பிரசங்கம் தோற்றுப்போகும்.

"பல்லும் பல்லும் நேருக்கு நேர் மோதவே கூடாது சார். நடுவுல ஒரு படலம் இருக்கணும். முடி கனம்கூட வேணாம், ஆனா இருக்கணும். சாதா எண்ணெய் சூடு ஏறினா தண்ணியா ஓடிடும், குளிர்ல கூழ் மாதிரி நின்னுடும். சிந்தடிக் எண்ணெய் அப்படி இல்ல. வெயிலோ குளிரோ, தன் இடத்த விட்டு அசையாது. நல்ல மனுஷன் மாதிரி."

"விலை கம்மியா ஏதாவது ஊத்துங்களேன்" என்று ஒருவர் ஒருமுறை கேட்டுவிட்டார். அவரை வண்டியடியில் வேலை பார்க்கும் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டு, ஏணியை மேலே இழுத்துக்கொண்டார் டாக்டர்.

"வீட்ல இந்தப் படலம் கிடலம் எல்லாம் ஒண்ணும் காணோமே" என்பாள் அவர் மனைவி. அவளை அவர் அடித்ததில்லை. தட்டுகள், கதவு, ஒரு மேசை விசிறி ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டார். கல்யாணமான புதிதில் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: "ஊர்ல யாரை வேணா அடிங்க, அது உங்க தலையெழுத்து. என் தம்பிமேல கை பட்டா நான் இந்த வீட்ல இருக்கமாட்டேன்."

அந்தத் தம்பிக்குப் பட்டறையிலிருந்து மூன்று கடை தள்ளி, வண்டிகளுக்கான எண்ணெய்க்கடை. ஒல்லி உடம்பு, நீள நாக்கு. அந்தத் தெருவிலேயே டாக்டரைக் கிண்டலடித்துவிட்டு முழுப் பல்லோடு உலவிய ஒரே ஆண்மகன். அந்தச் சலுகையை அவன் வஞ்சனையில்லாமல் அனுபவித்தான்.

கல் உடைக்கும் குவாரி வைத்திருந்த ஒருவர், எல்லாரும் 'ஜல்லி' என்று அழைக்கும் ஆள், தன் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். முன்னால் ஒரு டிஃபரன்ஷியல், பின்னால் ஒன்று. பின்னதில் பேரிங் போயிருந்தது. டாக்டர் அதை மாற்றிவிட்டு எண்ணெய் வாங்க மச்சான் கடைக்குப் போனார்.

"இருக்கறதுலயே ஒசந்த சிந்தடிக் எடு."

மச்சான் கேனை எடுத்து வைத்தான். பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னப் புட்டியையும் வைத்தான்.

"இது என்னடா?"

"ஜல்லி வண்டிதானே மாமா? அதோட பின்னச்சு வேற மாதிரி. ஒரு சக்கரம் சேத்துல சுத்துனா இன்னொண்ணையும் சேர்த்து இழுக்கறதுக்கு உள்ள கிளட்ச் தட்டு வெச்சிருப்பான். வெறும் எண்ணெய் ஊத்துனா தட்டு ஒட்டி ஒட்டி விடும். இதைக் கலந்தாதான் வழுக்கும்."

"வழுக்க வைக்கவா நான் எண்ணெய் ஊத்தறேன்? நல்ல எண்ணெயில கலப்படம் பண்ணச் சொல்றியா?"

"கலப்படம் இல்ல மாமா, மருந்து. டாக்டருக்கு மருந்துன்னா அலர்ஜியா?"

புட்டி பறந்து சுவரில் மோதி விழுந்தது. முப்பது வருஷமாகச் சாதாரண டிஃபரன்ஷியல்களைப் பிரித்து மாட்டியவருக்கு, தான் பார்க்காத ஒன்று இருக்கக்கூடும் என்பதே அவமானமாக இருந்தது. இந்த வியாதி படித்தவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று சொல்வார்கள். இல்லை.

வெறும் எண்ணெயை ஊற்றி அனுப்பிய வண்டி மறுநாளே திரும்பி வந்தது. பட்டறை வாசலில் திரும்பும்போது பின்பக்கம் 'கடகட'வென்று நடுங்கியது. தகரப்பெட்டியில் எலும்பைப் போட்டுக் குலுக்கினாற்போல. ஜல்லி இறங்கினார். டாக்டர் வழக்கப்படி முந்திக்கொண்டு ஒன்று விட்டார். நல்ல அடி. மலை மாதிரி நின்றவர் அதை மலை வாங்குவது மாதிரியே வாங்கிக்கொண்டார். பிறகு டாக்டரின் பின்னங்கழுத்தைப் பிடித்து முகத்தைப் பானெட்டில் வைத்து அழுத்தினார். எஞ்சின் சூட்டில் கன்னம் பொரிந்தது. கையெட்டும் தூரத்தில் கிடந்த சுத்தியல் அன்று ரொம்ப தூரத்தில் இருந்தது.

"டாக்டரே, குவாரி மேட்டுல, விளிம்புல திரும்பும்போது வண்டி இப்படி உதறிச்சு. ரெண்டடி தள்ளியிருந்தா என்னைக் கூட்டி அள்ளியிருப்பாங்க. எனக்கு இப்ப ஒரு கை வேணும். உன்னோட வலது கை."

டாக்டர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பயந்தார். அந்தக் கைதான் அவருடைய பிழைப்பு, பேச்சு, மரியாதை எல்லாம். பயந்தவர் வாயிலிருந்து என்ன வருமோ அதுதான் வந்தது.

"என் வேலை சுத்தம்ணே. எண்ணெய்தான் போலி. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

கழுத்துப் பிடி தளர்ந்தது. "அப்ப அவன் கை. போய்க் கூட்டிட்டு வா. ஓடலாம்னு பார்த்தா உன் பட்டறையை நொறுக்கி ரோட்டுக்குப் போட்டுடுவேன்."

நடந்த தூரம் மூன்று கடைதான். அதற்குள் தான் சொன்னதை அவரே நம்பிவிட்டார். பொய்யை நம்புவதற்குக் கோபம் மாதிரி ஒத்தாசை வேறில்லை. கடைக்குள் நுழைந்தவர் கல்லாவுக்கு மேலேயே எட்டி மச்சானின் வாயில் குத்தினார். அவன் எண்ணெய் டின்களோடு சரிந்தான். இழுத்து நிறுத்தி இன்னொன்று விட்டார். ரத்தமும் ஒரு பல்லும் கல்லாமேல் விழுந்தன.

"போலி விக்கிறியாடா எனக்கே?"

மச்சான் சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அவன் அழவில்லை, சிரித்தான். அதுதான் பயங்கரமாக இருந்தது.

"திரும்பும்போது மட்டும் உதறுதா மாமா? மெதுவா வளைச்சா 'கடகட'ன்னு?"

டாக்டர் ஓங்கிய கையை இறக்கினார்.

"நேராப் போனா ஒண்ணுமில்ல?"

மச்சான் குனிந்து, ஷெல்ஃபுக்கு அடியில் கிடந்த அந்தப் புட்டியைக் கையால் துழாவி எடுத்தான். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மூடி திறக்கவில்லை.

"வாங்க போலாம். அடிச்சு முடிச்சிட்டீங்கன்னா."

ஜல்லி யார் பேச்சையும் கேட்கிற மனநிலையில் இல்லை. மச்சானைக் கண்டதும் பட்டறைக் கடப்பாரையைக் கையில் எடுத்துவிட்டார். "கையை நீட்டு" என்றார். மச்சான் நீட்டினான், புட்டியோடு. "அண்ணே, இதை உள்ள விட்டுட்டு ஒரு எட்டு போட்டுப் பாருங்க. அப்புறம் எந்தக் கை வேணும்னு முடிவு பண்ணலாம். கை எங்கயும் போயிடாது."

டாக்டர் வண்டியடியில் படுத்தார். கொஞ்சம் எண்ணெயை வடித்துவிட்டு, புட்டியிலிருந்ததைப் பின்னச்சுக்குள் இறக்கினார். பட்டறைக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் ஜல்லியே ஓட்டினார். மற்ற இருவரும் பின் சீட்டில். மெதுவாக, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, எட்டு எட்டாக. இடப்பக்கம் திரும்பும்போது டாக்டர் மச்சான்மேல் சாய்ந்தார். வலப்பக்கம் திரும்பும்போது மச்சானின் ரத்தம் டாக்டரின் சட்டையில் ஒட்டியது. முதலில் வண்டி உதறியது. பிறகு முனகியது. தட்டுகளுக்குள் மருந்து ஊற ஊற முனகலும் அடங்கியது. கடைசி எட்டில் டயருக்கடியில் மண் அரைபடும் சத்தம் மட்டுமே கேட்டது.

ஜல்லி வண்டியை நிறுத்தினார்.

"சத்தம் போச்சு. நல்லது. ஆனா எனக்கு வரவேண்டிய கை பாக்கியிருக்கு. யாரோட தப்பு?"

மச்சான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை நீள நாக்கு அன்று அசையவே இல்லை. அவன் சொல்லியிருந்தால் டாக்டர் மறுத்திருப்பார், அடித்தும் இருப்பார். சொல்லாமல் இருப்பவனை என்ன செய்வது என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

"என் தப்புதான்" என்றார். "இவன் அன்னைக்கே கொடுத்தான். நான் தூக்கி எறிஞ்சேன். எண்ணெய் அசல்தான்."

"இறங்கு."

இறங்கியவரின் வலது கையைப் பிடித்து, கதவு பொருந்தும் விளிம்பில் வைத்தார் ஜல்லி. கையை இழுத்துக்கொள்ளும் பலம் டாக்டருக்கு இருந்தது, இழுக்கவில்லை. கதவு சாத்தப்பட்டது. ஒருமுறைதான். மூன்று விரல்கள் ஒடிந்த சத்தம் கதவுச் சத்தத்தில் கேட்கவில்லை; அவர் அலறியது பட்டறைத் தெரு முழுக்கக் கேட்டது.

ஜல்லி கதவில் ஒட்டியிருந்ததைத் துடைத்துவிட்டு, நிம்மதியான குரலில் சொன்னார்: "என் இன்னொரு வண்டியிலயும் முன்னச்சு ஊளையிடுது. கட்டு பிரிச்சதும் சொல்லு, அனுப்பறேன். தப்பை ஒத்துக்கற மெக்கானிக் இப்பல்லாம் எங்க கிடைக்கறான்?"

ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு மாவுக்கட்டு, மற்றவருக்கு உதட்டில் தையல். டாக்டர் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள்.

"என்ன ஆச்சு?"

"கார் கதவு" என்றார் டாக்டர்.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் வீங்கிய உதட்டோடு, "எனக்கும் கார் கதவுதான்கா" என்றான்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கதவா? ஒருத்தருக்குக் கையில, ஒருத்தனுக்கு வாயில?"

"பெரிய வண்டிக்கா" என்றான் தம்பி.

அவள் உள்ளே போனாள்; துணிப்பெட்டியைக் கீழே இறக்கும் சத்தம் கேட்டது. டாக்டர் பின்னாலேயே போனார்.

"நான்தான் அடிச்சேன்" என்றார். தப்பை ஒத்துக்கொண்டது அன்று ஒரே நாளில் இரண்டாவது தடவை. "உன் தம்பிய நான்தான் அடிச்சேன். இந்தக் கையாலதான்."

அவள் திரும்பி, கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பிறகு அவர் கன்னத்தில், பானெட் பொசுக்கியிருந்த அதே கன்னத்தில், பளீரென்று ஓர் அறை விட்டாள். அவள் வாழ்க்கையில் யாரையும் அடித்தது அதுதான் முதல்முறை; குறி தப்பவில்லை. முந்தி அடிக்கவும் பிந்தி அடிக்கவும் தெரிந்த அந்த மனிதர் அசையாமல் நின்று, இன்னும் ஒன்று வருமா என்று காத்திருந்தார். வரவில்லை. அவள் பெட்டியை மூடவுமில்லை, மறுபடி மேலே வைக்கவுமில்லை. பல நாட்கள் அது அறை நடுவே திறந்தே கிடந்தது. அவர் அதைச் சுற்றிச் சுற்றித்தான் நடந்தார்.