லிஃப்டை நிறுத்தியது யார்?

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு, அவரோடு வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'. சர்க்கரை போட்டாயிற்று என்று சொன்னாலும் டீயைக் கலக்கிப் பார்த்துத்தான் குடிப்பார். கடவுள் விஷயத்திலும் அப்படியே. "பார்த்தவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்" என்பார். அவர் மனைவிக்கோ கடவுளை விட்டால் ஆள் கிடையாது.

ஒரு நாள், ஆறு மாடி அலுவலகம் ஒன்றில், லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியில், அதை நிறுத்தும் அவசரப் பொத்தானைச் சரிசெய்யப் போனார். மொட்டைமாடி அறையில் மெயின் சுவிட்சை அணைத்து, 'வேலை நடக்கிறது' அட்டையை மாட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். பாதி வேலையில் தலைக்கு மேலே லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. அலறினார். தலைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது.

"கடவுள்தான் காப்பாத்தினாரு. இப்பவாவது நம்புங்க" என்று அன்று இரவு வீட்டில் அழுதாள் மனைவி.

"காப்பாத்தினது அவருன்னா, இறக்கினது யாரு?"

குழியிலிருந்து வெளியே வந்ததுமே அவர் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்திருந்தார்; சுவிட்ச் அணைந்தே இருந்தது. ஆனால் அட்டை தலைகீழாகத் தொங்கியது. எழுத்துத் தெரிந்தவர் அப்படி மாட்டமாட்டார்.

மூன்று நாள் எல்லோர் முகத்தையும் உற்றுப் பார்த்தார். எல்லாமே திருட்டு முழியாகத்தான் தெரிந்தது. துப்புரவு வேலை செய்யும் பெண் மட்டும், அவரைக் கண்டாலே "எல்லாம் கடவுள் புண்ணியம்ணா" என்று தலை நிமிராமல் சொல்லிவிட்டு நழுவினாள். படிக்கட்டில் மறித்துக் கேட்டார்.

உடைந்துவிட்டாள். "அட்டை கீழ விழுந்து கிடந்துச்சுண்ணா, எனக்குப் படிக்கத் தெரியாது. நாலாவது மாடியில லிஃப்ட் வரலன்னு சத்தம் போட்டாங்க, சுவிட்சைப் போட்டுட்டேன். கரண்ட் வந்ததும் அது முதல்ல அடி வரைக்கும் இறங்கும்னு தெரியாது. குழி வழியா உங்க அலறல் கேட்டதும் கடவுளேன்னு அணைச்சு, அட்டையையும் எடுத்து மாட்டிட்டேன்."

"அணைச்சது உன் கைதானே?"

"கை அவரு குடுத்ததுதானேண்ணா. வெளிய சொல்லிடாதீங்க, வேலை போயிடும்."

அலுவலக மேனேஜர் விசாரித்தார். "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"இல்ல சார். கடவுள் காப்பாத்தினாருன்னு எழுதிக்கோங்க."

மேனேஜர் பேனாவை மூடாமல் அவரையே பார்த்தார்.

செய்தி கேட்டு மனைவி மகிழவில்லை. "உண்மையைச் சொல்லுங்க. யாரைக் காப்பாத்துறீங்க?"

சொன்னார். "பொய் சொல்ல அவரு பேருதான் கிடைச்சுதா?" என்று முறைத்தாள்.

மறுநாள் சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதில் அவர் யாரையும் நம்புவதாக இல்லை.