கோயில் தண்ணீருக்குக் காத்திருந்த நேரம்

அப்பாவின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் இந்த நினைவு மலரில் மகள் எழுதுவது. ஆறுதலாக எழுதுவதுதான் முறை. எனக்கு அது வரவில்லை.

அப்பா டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில், சொந்த நிலம் இல்லாத வீட்டில் பிறந்தார். பிறர் காட்டில் களையெடுத்து வளர்ந்து, கப்பலூரில் குழாய்க் கம்பெனியில் வேலை பார்த்து, பழங்காநத்தத்தில் வாடகை வீட்டில் என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். கோபம் வந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார். பசித்ததும் அவரே வந்து உட்காருவார்.

கம்பெனி நண்பரோடு மாதா கோயிலுக்குப் போய்ப் பல வருடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வந்தவர், ஓய்வு பெற்றதும் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறப்போவதாகச் சொன்னார். பெரியவர்கள் நினைத்த உடனே சேர்ந்துவிட முடியாது. மாதக்கணக்கில் மறைக்கல்வி படித்தபின், ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாட்டில்தான் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். உடன் படித்தவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டப்போகும் மாப்பிள்ளைகள். "அண்ணே, உங்களுக்கு எப்பக் கல்யாணம்?" என்று கேலி செய்வார்களாம். அப்பா அதை வீட்டில் சொல்லிச் சிரிப்பார்.

அம்மா சிரிக்கவில்லை. "என்னைய விட்டுட்டு எந்தச் சாமிகிட்டத் தனியாப் போறீக?"

"நீ உன் சாமியக் கும்பிடு. நான் ஆண்டவருகிட்ட வாரேன்னு சொல்லிட்டேன்."

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கோயில் சாமியாரான பங்குத்தந்தை வீட்டுக்கே வந்து, திருமுழுக்கை இப்போதே கொடுத்துவிடலாம் என்றார். "எல்லாரோடயும் வரிசையில நின்னு வாங்கிக்கிறேன் சாமி" என்று அப்பா மறுத்துவிட்டார்.

ஈஸ்டருக்குச் சில நாட்களே இருந்தபோது, ஒரு பகலில் மறுபடி வலி. தீவிர சிகிச்சை அறைக்குள் அம்மாவை மட்டும் விட்டார்கள். டாக்டர் கைவிரித்துவிட்டார். பங்குத்தந்தை வெளியூரில். கோயில் தீர்த்தம் வந்தால்தான் ஆகும் என்று நம்பித் தம்பியை அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்து நின்றோம். அவன் நெரிசலில் மாட்டிக்கொண்டான். பதறிப்போய், வகுப்பு எடுத்த உபதேசியாருக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா கோயில் தண்ணிக்குக் காத்திருக்கீக? உசுருக்கு ஆபத்துன்னா எந்தத் தண்ணியும் ஆகும். யாரு வேணாலும் ஊத்தலாம். அம்மாவ ஊத்தச் சொல்லு. உசுரு போயிட்டா அப்புறம் ஊத்த முடியாது."

"நான் வேதக்காரி இல்லையே" என்று பக்கத்தில் நின்ற அம்மா அழுதது உபதேசியாருக்கும் கேட்டது.

"அவரு ஆசப்பட்டதச் செய்யணும்னு மனசு இருக்குல்ல? போதும்."

சொல்ல வேண்டிய வரியை அவர் போனில் சொல்ல, நான் கதவருகே நின்று அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா அதை முணுமுணுத்தபடியே டம்ளரில் குழாய்த் தண்ணீரோடு உள்ளே போனார். கட்டிலருகே ஒரு நர்ஸ் மட்டும் நின்றிருந்தாராம். ஊற்றிவிட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில், எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. அதன் பிறகுதான் தம்பி தீர்த்தப் பாட்டிலோடு ஓடிவந்தான்.

ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளை வேட்டியைக் கட்டி, கோயில் கல்லறையில் அடக்கம் செய்தோம். "ஆசப்பட்டுப் படிச்சவர ஆண்டவர் விட்டுருவாராம்மா?" என்றார் பங்குத்தந்தை. அம்மாவுக்கு அது போதவில்லை. "ஊத்துறப்ப கை வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. ஆனா கண்ணத் தொறக்கலையே, உசுரு இருந்துச்சா?" என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்.

பங்குத்தந்தைக்கும், உபதேசியாருக்கும், தோள் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும், அப்பாவுடன் படித்த மாப்பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி. கடைசியாக, அன்று கட்டிலருகே நின்ற நர்ஸ் அம்மாவுக்கு. உங்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அம்மா தண்ணீர் ஊற்றியபோது அப்பாவுக்குத் துடிப்பு இருந்ததா என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். இந்த மலர் உங்கள் கைக்கு வந்தால், இருந்தது என்று ஒருமுறை வந்து அம்மாவிடம் சொல்லுங்கள். இல்லையென்றால், தயவுசெய்து வராதீர்கள்.