கேரியர் மேல் கட்டிய அச்சு

ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு எங்கள் தீவின் பா ஊரில் எல்லாரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் நகைப் பட்டறையில் வேலை குவிந்தது. போகிறவர்கள் பழைய பொன்னைப் புதிதாக வார்த்துக்கொண்டு போக ஆசைப்பட்டார்கள். கடைசியில் என் தங்கையும் அந்த வரிசையில் வந்து நின்றாள். கனடா விசா வந்துவிட்டது, நாளை மறுநாள் விமானம். அம்மா விட்டுப்போன ஒரே வளையலை உருக்கி, ஆளுக்கொரு வேல் டாலர் செய்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

மெழுகில் இரண்டு வேல்களைச் செதுக்கி, ஒரே தண்டில் ஒட்டி, இரும்புக் குழாய்க்குள் நிறுத்தினேன். அதைச் சுற்றி அச்சுக்கான பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினேனோ இல்லையோ, கரண்ட் போய்விட்டது. காற்றுக் குமிழிகளை அதிர்த்து வெளியேற்றும் மெஷின் நின்றது. குமிழி தங்கினால் பொன்னில் பரு முளைக்கும். இருந்த மாவும் அவ்வளவுதான். கப்பல் சரக்கு வருவது நின்றிருந்தது. கரண்டையும் பட்டாளத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"திட்டுனா குமிழி போயிடுமா? நம்ம வண்டி இருக்குல்ல அக்கா, அது உறுமினா வீடே ஆடுமே" என்றாள் தங்கை.

அவள் கணவர் ஓட்டும் கேரியர், ஆள் ஏற்றும் லாரி, வாசலில் நின்றது. கிழிந்த டயர் ட்யூபால் குழாயை பானெட் மேல் இறுக்கிக் கட்டினோம். அவர் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்க, குமிழிகள் பொங்கிப் பொங்கி மேலே வந்து உடைந்தன. சந்தோஷத்தில் கைதட்டினேன். இனி மாவு அசையாமல் இறுக வேண்டும்.

"போதும் தம்பி, நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

அதற்குள், இன்ஜின் சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்துத் தோட்டத்துக் கிழவி கத்தரிக்காய்க் கூடையோடு பின்னால் ஏறி, கூரையைப் படபடவென்று தட்டினாள். "சலோ, சலோ!" எங்கள் ஊரில் கூரையைத் தட்டினால் வண்டி கிளம்ப வேண்டும். பழகிய கால் யோசிக்கவா செய்யும்? கேரியர் அச்சோடு கிளம்பிவிட்டது.

செருப்பை உதறிவிட்டு ஓடினேன். பின்னால் தங்கை, சிரிப்பில் ஓட முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கரும்பு ரயில் தண்டவாளத்தில் வண்டி தூக்கிப்போட்ட பிறகுதான் அந்த மனுஷனுக்கு நினைவு வந்து நிறுத்தினார்.

"மார்க்கெட்டுக்குப் போகலியா?" என்று கிழவி என்னை முறைத்தாள்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. அச்சை உலையில் வைத்து மெழுகை ஓடவிட்டு, மறுநாள் பொன்னை ஊற்றினேன். பிளாஸ்டரைக் கழுவி எடுத்து, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பருகூட இல்லை. ஆனால் தண்டவாளத்தில் குலுங்கியதில் அச்சு உள்ளே விரிசல் விட்டிருந்தது. அதற்குள் ஓடிய பொன், இரண்டு வேல்களையும் மெல்லிய தகடாகச் சேர்த்து ஒட்டியிருந்தது.

"ஒட்டிப் பொறந்திருக்கு பாரு!" என்று தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் ரம்பத்தை எடுத்தேன். அவள் இரண்டையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பாதி அறுப்பதற்குள் எனக்குக் கண்ணீர் மறைத்தது. அழுகையை ஒளிக்கத் தெரியாதவள் நான்.

"மெதுவா அறு அக்கா" என்றாள். "அவசரமே இல்ல."

விடிந்தால் அவளுக்கு நாடி ஊரிலிருந்து விமானம்.