கால் படாத மணல்

கைருன்னிசா ராத்தா தெருவில் நடப்பதைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வண்டிச் சில்லு பட்ட தடத்தில்தான் கால் வைப்பார். எதிரே மாடு வந்தாலும் ஓரத்துக்குப் போகமாட்டார், மாடுதான் விலக வேண்டும். தடம் இல்லாத இடம் வந்துவிட்டால் அப்படியே நின்று, யாராவது முன்னால் நடந்து காட்டும்வரை காத்திருப்பார். ஊர்ப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'தடம் ராத்தா'. எனக்கு அவர் பெரியும்மாவின் மகள். அதனால் அந்தப் பெயரை நான் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

தொண்ணூறில் இயக்கம் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுத் துரத்தியபோது ராத்தாவுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் இருபது வருடம் ஓடிப்போனது. சண்டை முடிந்து சிலாவத்துறைப் பக்கம் எல்லோரும் திரும்பி வந்தபோது, பள்ளிக்கூடத்தில் வைத்து மிதிவெடி பற்றி வகுப்பு எடுத்தார்கள். நாங்களெல்லாம் சாப்பாட்டுப் பார்சல் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ராத்தா மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டார். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைத் தாண்டாதே. தாண்டிவிட்டால் அசையாதே. எதையும் தொடாதே, எதையும் கீழே வைக்காதே. அன்றைக்குப் பிடித்த பயம் பிறகு விடவேயில்லை.

பயம் வீணாகவும் இல்லை. அந்தச் சிவப்புப் பலகை நின்றது ராத்தா குடும்பத்தின் சொந்தக் காணி வாசலில்.

கடலை ஒட்டிய காணி அது. தலை போன தென்னைகள், இடிந்த அத்திவாரம், நடுவே ஒரு கிணறு. மிதிவெடி எடுக்கிறவர்கள் மற்றவர்களின் காணிகளை முடித்து, பலகைகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பலகை கழன்றால் காணியை எங்களுக்கு விட்டாயிற்று என்று அர்த்தம், வேறு அறிவித்தல் எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை. இந்தத் துண்டு மட்டும் மிச்சம். ராத்தாவின் புருஷன் முனவ்வர் மச்சான் மீன்பிடித்துக் கடலால் வந்ததும் நேரே போய் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்பார். கிணற்றைப் பார்ப்பார். பிறகு தகரக் கொட்டிலுக்குத் திரும்புவார்.

ஒரு வாடைக்காற்றில் பலகையின் கம்பி அறுந்து தொங்கியது. ராத்தா நடுங்கி நடுங்கிப் போய், மச்சானின் வலை பின்னுகிற நீல நைலோன் நூலால் அதை இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார்.

"சொந்தக் காணிக்குத் தானே பூட்டுப் போட்ட மனுசி," என்று மச்சான் கேலி பண்ணினார்.

இதற்கிடையில் எங்கள் கரைக்கு விடுதி வந்தது. கொழும்பு முதலாளி ஒருவர் கட்டியது, வெண்மணல் விடுதி என்று பெயர். இணையத்தில் அவர் போட்ட விளம்பரத்தில், மனிதக் கால் படாத மணல் என்று எழுதியிருந்தார். விருந்தாளிகளை ஓட்டோவில் ஏற்றி இறக்குவது என் வேலை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானும் அதையே சொல்லிச் சொல்லி ஆட்களைக் குஷிப்படுத்தினேன். நல்லாகத்தான் எடுபட்டது. ஏன் கால் படவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. ராத்தா அங்கே அறை கூட்டி, துவாய் மாற்றுகிற வேலைக்குச் சேர்ந்தார்.

அன்று காலை மச்சான் விடுதியின் பின்பக்கம் வந்து சைக்கிள் மணியைப் போட்டு அடித்தார். சைக்கிளில் மண்வெட்டி கட்டியிருந்தது. முகம் பெருநாள் முகம்.

"நிஸா! பலகை கழட்டியாச்சு. காணி விட்டாச்சு!"

ராத்தா வாளியைக் கீழே வைத்தார். "ஆரு சொன்னது?"

"ஆரு சொல்லோணும்? பலகை இல்ல. உள்ளுக்குச் சப்பாத்துத் தடம் வேற கிடக்கு. மிதிவெடி எடுக்கிற ஆக்கள் வந்து பாத்திட்டுப் போயிருக்கினம்."

"எதுக்கும் ஒருக்காக் கேட்டிட்டுப் போங்கோ."

"இருபது வருசமாக் கேட்டுக்கொண்டுதானே இருந்தனாங்கள். நீ வேலையை முடிச்சிட்டு வா. கிணத்தை இறைச்சு வைக்கிறன்."

நானும் சேர்ந்து சிரித்தேன். ராத்தாவும் சிரிக்கத்தான் பார்த்தார். மச்சான் சைக்கிளை மிதித்த வேகத்தில் மண்வெட்டி கிலுங்கிக்கொண்டு போனது.

கடைசி அறையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் தங்கியிருந்தான். கடற்கரைகளைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவன், முதலாளி அவனுக்கு அறையைச் சும்மாவே கொடுத்திருந்தார். அவன் எழும்பப் பிந்தியதால் அவன் அறையை ராத்தா கடைசியாகத்தான் கூட்டப் போனார். நான் வெளியே ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து வந்தது கத்தல் இல்லை, தொண்டை அடைத்தவர் மூச்சுக்குத் தவிக்கிற ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன்.

கட்டிலில், ஈரத் துவாய்க்கு மேலே, சிவப்புப் பலகை கிடந்தது. மண்டையோடு முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூலைத் துவாரத்தில் கத்தியால் வெட்டிய நீல நைலோன் நூல், முடிச்சு அவிழாமல்.



அந்தப் பையன் கையில் செவ்விளநீரோடு விறாந்தையில் நின்று சிரித்தான். ஞாபகத்துக்கு எடுத்தேன் என்றான். சண்டைதான் முடிந்து எவ்வளவு காலம், அது பழைய பலகைதானே, உள்ளே போய்க் கடலைப் படமும் எடுத்தேன், என்ன அருமையான மணல் என்றான். நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. இங்கிலீஷும் தமிழும் கலந்து வந்தது. கேட்கக் கேட்க அவன் முகம் வெளிறிப்போனது.

ராத்தா பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிட்டார். பையனும் பின்னால் தொற்றிக்கொண்டான். வழியெல்லாம் ராத்தா ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். "அல்லாஹ்வே, சத்தம் கேக்கப்படாது. அல்லாஹ்வே, சத்தம் கேக்கப்படாது." ஓட்டோ கல்லில் ஏறித் துள்ளின ஒவ்வொரு தடவையும் நான் செத்துப் பிழைத்தேன்.

காணிக்கு முன்னால் வெறும் கட்டை நின்றது. பக்கத்தில் மச்சானின் சைக்கிள். மச்சான் உள்ளே, கிணற்றடியில். பற்றையை வெட்டி ஒதுக்கிவிட்டு, கயிற்றில் கட்டிய பிளாஸ்டிக் கானை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சந்தோசத்தில் கையைத் தூக்கினார். குனிந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் காலைத் தூக்கினார்.

"வந்திட்டியா? கிணத்தில தண்ணி கிடக்கு நிஸா, வா!"

"அசையாதேங்கோ!"

அந்தக் குரல் ராத்தாவுக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. கடலோரத்தில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன.

மச்சான் சிரித்தார். "உன்ர பயம் இன்னும் போகேல்லயா?"

ராத்தா பலகையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். காற்றில் அந்த நீல நூல் ஆடியது. தன் வலை நூலை மச்சானுக்கு எவ்வளவு தூரத்திலும் தெரியும். சிரிப்பு அப்படியே நின்றது.

"அது எங்க கிடந்தது?"

"விடுதியில. இந்தத் தம்பி கழட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஆக்கள் வரேல்ல. காணி விடேல்ல."

"அப்ப அந்தச் சப்பாத்துத் தடம்?"

"அதும் இந்தத் தம்பியின்ரதான்."

மச்சானின் கை தளர்ந்தது. மண்வெட்டி சரிந்தது.

"வைக்காதேங்கோ! மண்வெட்டியைக் கீழ வைக்காதேங்கோ! கையிலயே பிடிச்சிருங்கோ!"

அவர் பிடித்துக்கொண்டார். வகுப்பில் கொடுத்த தொலைபேசி இலக்கத்தை ராத்தா திக்காமல் சொன்னார், நான் அழுத்தினேன். பக்கத்துக் கிராமத்தில் வேலை செய்கிறோம், வருகிறோம், அவரை நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லுங்கள் என்றார்கள்.

வெயில் ஏறியது. மச்சானின் சாரம் நனைந்து காலோடு ஒட்டியது. அவருடைய முழங்கால் நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. இப்போது விழுவாரோ, இப்போது விழுவாரோ என்று என் கண் இமைக்க மறந்தது. ராத்தா வெறும் கட்டைக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டேயிருந்தார். வீட்டுக்கதை, மீன்கதை, மகள் ஸீனத்தின் படிப்பு. பேச்சை விட்டால் மச்சான் கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவார் என்ற பயம்.

"கால் விறைக்குது நிஸா."

"விறைக்கட்டும். கால் இருக்கிறபடியாத்தானே விறைக்குது."

வெள்ளைக்காரப் பையன் தெருவில் குந்தியிருந்து அழுதான். ராத்தாவிடம் என்ன சொல்லட்டும், நான் என்ன செய்யட்டும் என்று என்னைப் போட்டு அரித்தான். ராத்தா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"சரிபுதீன், அந்தத் தம்பியிட்டச் சொல்லு. அவர் உள்ளுக்குப் போயிட்டு உயிரோட வந்திருக்கிறார். அதுக்கு அவற்ற உம்மா நோன்பு பிடிக்கோணும்."

அதை எப்படி மொழிபெயர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. உன் தாய் அதிர்ஷ்டக்காரி என்று மட்டும் சொன்னேன்.

வாகனம் வந்தது. முகக் கண்ணாடியும் தடித்த அங்கியுமாக இறங்கியவள் வெள்ளாங்குளத்துப் பிள்ளை, தனுசியா என்று பெயர். கருவியை மணலுக்கு மேலே ஆட்டி ஆட்டி, முழங்காலில் நகர்ந்து, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் பாதை பிடித்துக்கொண்டு போனாள். பாதி வழியில் கருவி கூவியது. அவள் குப்புறப் படுத்து மண்ணை மெல்ல ஒதுக்கினாள். மச்சானின் செருப்புத் தடத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒரு மிதிவெடி. அவர் சைக்கிளை விட்டுவிட்டு ஆசையாக ஓடின தடம்.

"நானா, இதைப் பாக்காதேங்கோ. என்னை மட்டும் பாருங்கோ." எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே அவள் மச்சானைக் கூப்பிட்டாள்.

அவள் அதற்குக் குறி நட்டுவிட்டுச் சுற்றிப் போனாள். மச்சான் அவள் காலடியிலேயே கால் வைத்து வந்தார், மண்வெட்டி நெஞ்சோடு. வெளியே தெருத் தடத்தில் கால் பட்டதும் ராத்தா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

தனுசியா பலகையை வாங்கிக் கட்டையில் வைத்துப் பிடித்தாள். இந்தத் துண்டு முடிய இன்னும் காலம் எடுக்கும் என்றாள், எவ்வளவு என்று சொல்லவில்லை. மச்சானின் சைக்கிளில் தொங்கிய பையிலிருந்து ராத்தா நூலை எடுத்தார். விரல்கள் கேட்கவில்லை. நூல் நழுவி நழுவி விழுந்தது.

"விடு, நான் கட்டுறன்," என்று மச்சான் வாங்கினார்.

சொந்தக் காணியின் வாசலில் குனிந்து நின்று அவர் நூலைத் துவாரத்தில் கோர்த்தார். சுற்றினார். இழுத்தார்.

"நல்ல தண்ணி நிஸா. குடிச்சுப் பாத்தனான். உப்பில்ல."

"இருக்கட்டும்," என்றார் ராத்தா. "இறுக்கிக் கட்டுங்கோ."