இன்பமேரியின் முழுப்பேர்

மலையாள மலைநாட்டில், சாந்தன்பாறைப் பக்கத்து ஏலக்காடுகளில் பேர் என்றால் பெற்றோர் வைத்த பெயர் மட்டுமல்ல, ஒரு நாள் வேலைக்கும் அதுதான் சொல். சாயங்காலம் தராசில் கேட்ட எடையைக் காட்டியவருக்கு முழுப்பேர். எடை குறைந்தால் அரைப்பேர். "இன்னைக்கு என்ன பேரு விழுந்துச்சு?" என்று லயத்து வாசலில், தொழிலாளர் வரிசைவீடுகளின் முன்னால், ஒருத்தி கேட்டால், அன்றைய உழைப்பு தேறியதா என்று விசாரிக்கிறாள் என்று அர்த்தம்.

இன்பமேரிக்கு அரைப்பேர் விழுந்து யாரும் பார்த்ததில்லை.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. தூரடியில், தரையோடு கிடக்கும் சரங்களில்தான் காய் பிடிக்கும். குந்தியபடியே செடிக்குச் செடி நகர்ந்து, பிஞ்சை விட்டு, முற்றியதை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியும் இன்பமேரியின் விரல்கள் அதில் தடுமாறியதில்லை. காய்க்கறை ஏறி அந்த விரல் நுனிகள் எப்போதும் கறுத்தே இருக்கும். எந்த சோப்புக்கும் அது போகாது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது உடம்புக்கு முடியாமலோ, வயிற்றில் பிள்ளையோடோ வந்து எடை தேறாமல் தவித்தால், பக்கத்து நிரைப் பெண்கள் தங்கள் சாக்கிலிருந்து ஆளுக்கொரு கை அள்ளி அவள் சாக்கில் போடுவார்கள். கங்காணி பார்த்தும் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். இன்பமேரி மற்றவர்களுக்கு இரண்டு கையாலும் அள்ளிப் போடுவாள். வாங்க மட்டும் மாட்டாள். மூத்த மகனை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோது ஒருத்தி இரக்கப்பட்டுப் போட்ட கைப்பிடியைக்கூடப் பொறுக்கி எடுத்துத் திருப்பிப் போட்டவள் அவள். "பிறத்தியார் காயி என் சாக்குல விழக்கூடாது" என்பாள். லயமே அவள் நேர்மையை மெச்சியது. மெச்ச வேண்டியதுதான். ஆனால் அந்த நேர்மைக்குள்ளே ஒரு பயமும் குடியிருந்தது யாருக்கும் தெரியாது.

அந்தப் பயம் சின்ன வயதில் வந்தது. ஓய்வுநாள் பள்ளியில் டீச்சர் ஒருநாள் ஜீவபுஸ்தகத்தைப் பற்றிச் சொன்னார். பரலோகத்தில் அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது, அதில் பேர் எழுதப்பட்டவர்கள் பாக்கியவான்கள் என்றார். சிறுமி இன்பமேரி எழுந்து நின்றாள்.

"டீச்சர், அரைப்பேரு விழுந்தவங்க எங்க போவாங்க?"

வகுப்பே சிரித்தது. டீச்சரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பதில் சொல்ல மறந்துபோனார். இன்பமேரியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். கேள்வி மட்டும் உட்காரவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு மேலேயும் ஒரு தராசு தொங்கியது. விடிகாலை ஜெபம் தவறாது. வெள்ளிக்கிழமை உபவாசம், சனிக்கிழமை கோயிலைக் கூட்டித் துடைப்பது, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் வந்தால் பண்டிகைவரை பகல் முழுவதும் பட்டினி. லயத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் கஞ்சி அவள் வீட்டிலிருந்துதான் போகும். குடித்தவர்களுக்கு அது வெறும் கஞ்சிதான், அன்பான கஞ்சி. ஆனால் படுக்கையில் சாய்ந்ததும் அவள் அன்று செய்ததையெல்லாம் மனதுக்குள் அள்ளிப் போட்டுப் பார்ப்பாள். அந்தத் தராசின் முள் ஒருநாளும் போதும் என்று நிற்காது.

அவள் கணவர் சூசையப்பன் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய சபைக்கு வந்தவர், வந்த நாளிலிருந்து பிரசங்கத்தில் தூங்குகிறவர்.

"ஏட்டி, ஜெபத்துல வாய் நிறைய அப்பா அப்பாங்குற. மனசுக்குள்ள கங்காணியல்லா உக்கார வச்சிருக்க" என்று கிண்டல் செய்வார்.

"ஜெபத்துல தூங்குற ஆளுக்குப் பேச்சப் பாரு. உங்களுக்கெல்லாம் அரைப்பேரு கூடக் கிடையாது."

"நான் தூங்குனா என்ன, ஆண்டவரு முழிச்சிருப்பாருல்ல. ரெண்டு பேரும் முழிச்சிருந்து என்னத்துக்கு?"

அவள் சிரித்துவிடுவாள். சிரித்துக்கொண்டே அவருக்காகவும் சேர்த்து ஒரு ஜெபத்தைக் கூட்டிக்கொள்வாள்.

இந்த வருஷம் லெந்து தொடங்கியபோது சீசனின் கடைசி எடுப்பு நடந்துகொண்டிருந்தது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் பட்டினி கிடக்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டித்திருந்தார். போதகரும் வேண்டாம் என்றார். இத்தனை வருஷம் விடாததை இப்போது விட்டால் அத்தனையும் குறைந்துபோகும் என்று இன்பமேரிக்குத் தோன்றியது. மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு காட்டுக்குப் போனாள்.

மதியம் சாய்ந்தபோது காய்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பக்கத்து நிரையில் இருந்தவள் ஜின்சி. இரண்டு பிள்ளைகளின் தாய், காடு அதிரச் சிரிக்கிறவள், கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலில் தலை காட்டுகிறவள்.

"யக்கா, என்ன பிஞ்சையெல்லாம் கிள்ளுறீங்க?" என்று கேட்டாள்.

எட்டிப் பார்த்தாள். இன்பமேரி செடியின் தூரில் சரிந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்வை. ஜின்சி அவள் தலையை மடியில் தூக்கி வைத்து, பிளாஸ்கில் இருந்த டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினாள்.

இன்பமேரிக்கு நினைவு முழுதாகத் திரும்பியபோது தராசடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எடை முடிந்திருந்தது. எதிரே அவள் சாக்கு, நிறைய.

"யாரு காயி இது?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க சாக்குல இருந்தா உங்க காயி" என்றாள் ஜின்சி.

"நான் எடுத்தது பாதி கூட வராது. தம்பி பவுலு, அரைப்பேரா மாத்து."

கங்காணி பவுல்ராஜ் பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டான். "விழுந்த பேர அடிக்க எனக்கு அதிகாரம் இல்லக்கா. வேணும்னா மானேஜர்கிட்டப் போயி, எனக்குக் கூடுதலா எழுதிட்டாங்கன்னு பராதி குடுங்க. இந்த எஸ்டேட்டுல அப்படி ஒரு பராதி வந்தா, அவருக்குத்தான் மயக்கம் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். இன்பமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்கில் டீயின் இனிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. நோன்பும் போயிற்று. பிறத்தியார் காயும் சாக்கில் விழுந்துவிட்டது.

"எதுக்குடி என் நோன்பக் கெடுத்த?"

"விட்டிருந்தா நோன்பு முழுசா இருந்திருக்கும். நீங்கதான் இருந்திருக்க மாட்டீங்க."

"நான் உனக்கு என்ன செஞ்சேன்னு எனக்கு இதெல்லாம் செஞ்ச?"

ஜின்சி யோசித்தாள். காரணம் ஒன்றும் அகப்படவில்லை. "வெறுதே" என்றாள்.

மலையாளத்தில் சும்மா என்பதற்குச் சொல்கிற வார்த்தை. காரணம் இல்லாமல், விலை இல்லாமல் என்று இரண்டு அர்த்தமும் அதில் உண்டு. லயத்துத் தமிழில் அது எப்போதோ கலந்துவிட்டது. ஆயிரம் முறை கேட்ட வார்த்தைதான். அன்று அது இன்பமேரிக்குள் முள்ளாகக் குத்தி நின்றது.

வருகிற ஞாயிறு கோயிலில் திருவிருந்து, அப்பமும் ரசமும் வாங்குகிற நாள். திடப்படுத்தல் பெற்று அதற்கு உரியவளான நாள்முதல் அவள் அந்தப் பந்தியைத் தவறவிட்டதில்லை. முழங்கால் போடும்போது அந்த மாதம் செய்ததையெல்லாம் மனதுக்குள் எடுத்து வைத்துவிட்டுத்தான் கையை நீட்டுவாள்.

"நான் போகல" என்றாள் கணவரிடம். "கெட்டுப்போன நோன்போட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயி நிப்பேன்?"

சூசையப்பன் தட்டில் சோற்றைப் போட்டு அவள் முன்னே நகர்த்தினார். அன்று கிண்டல் செய்யவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது, இது ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிய பேச்சு இல்லை என்று. இந்தப் பந்திக்கு முன்னால் நிற்க முடியாதவள் கடைசி நாளில் எதை நம்பி நிற்பாள்? வாழ்நாள் முழுக்க அள்ளிப் போட்டது ஒரு கோப்பை டீயில் கரைந்துபோகுமென்றால் அது எதற்கு? அவள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள்.

மறுநாள் கணவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் காட்டுக்குப் போனாள். வெறி பிடித்த மாதிரி எடுத்தாள். எடைக்கு முன்னால் தன் சாக்கை அவிழ்த்து, முந்தின நாள் தந்தவர்களுக்கெல்லாம் திருப்பிப் போடப் போனாள். பெண்கள் தங்கள் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

"இந்தக்காவ என்ன செய்ய?" ஜின்சி இடுப்பில் கை வைத்தாள். "நேத்து உங்ககிட்டக் கேட்டா ஊத்துனோம்? வாயி கொஞ்சம் தொறந்திருந்துச்சு, ஊத்துனோம், முழுங்குனீங்க. நேத்து நீங்க பாத்த வேலை அம்புட்டுதான்."

"நான் முழுங்குனது எனக்கே தெரியாதுடி."

"அப்ப அதுகூட உங்க வேலை இல்ல! போங்கக்கா!"

சிரிப்பில் காடு அதிர்ந்தது. இன்பமேரி சாக்கைக் கையில் பிடித்தபடி நின்றாள். அதுகூட உங்க வேலை இல்ல. வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அந்த வார்த்தை கூடவே நடந்து வந்தது.

சனிக்கிழமை மதியம் வழக்கம்போலக் கோயிலைக் கூட்டப் போனாள். பாதிவரை கூட்டியவள் நின்றாள். நம்ப வேண்டும் என்றுதானே போதகர் எப்போதும் சொல்கிறார், கிருபை என்றுதானே சொல்கிறார். சரி, நம்பிவிடலாம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நம்புறேன் ஆண்டவரே, நம்புறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இன்னும் அழுத்தமாக, இன்னும் உரக்க. திடீரென்று அவளுக்கே தெரிந்தது. இதையும் அவள் கிள்ளிக் கிள்ளிச் சாக்கில்தான் போட்டுக்கொண்டிருந்தாள். எடை தேறவில்லை.

விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது. முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அப்பா," என்றாள், "என் சாக்குல ஒன்னுமே இல்ல. நம்பக்கூட எனக்கு வரல. அதையும் நீங்கதான் போடணும்."

அதற்குப் பிறகு நடந்ததை வெளியே இருந்து பார்க்கிறவர் எப்படிச் சொல்வது? ஒளி எதுவும் இறங்கவில்லை. தகரக் கூரையில் காற்று மோதியது, அவ்வளவுதான். அவளுக்கு அந்த டீயின் ருசி ஞாபகம் வந்தது. கண் திறப்பதற்கு முன்பே, யார் தருகிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே, நாக்கில் வந்து நின்ற இனிப்பு. இத்தனை வருஷமும் அவள் தராசு என்று நினைத்துப் பயந்த இடத்தில் ஒருவர் அவள் தலையை மடியில் ஏந்திக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அவளாக வரவழைத்த நினைப்பு அல்ல அது. வரவழைக்கிற தெம்பு அவளிடம் இருக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, கோயிலில் ஒருநாளும் கண் அசந்தறியாத இன்பமேரி, அந்தப் பெஞ்சிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள்.

நேரமாகியும் காணவில்லையே என்று தேடி வந்த சூசையப்பன் வாசலில் நின்று பார்த்தார். பாதித் தரை சுத்தம், பாதித் தரை குப்பை, நடுவில் விளக்குமாறு. அவர் எழுப்பவில்லை. விளக்குமாற்றை எடுத்து மீதியைக் கூட்டினார். சுமாராகத்தான் கூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். பந்தியில் முழங்கால் போட்டபோது பழக்கத்தில் மனம் அந்த மாதத்துச் செய்கைகளைத் தேடியது. எடுத்து வைக்க ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது அவளைப் பயமுறுத்தவும் இல்லை. கறை போகாத இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து நீட்டினாள். போதகர் அப்பத்தை அதில் வைத்தார். பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த கணவர் ஓரக்கண்ணால் பார்த்தபோது அவள் முகம் ஈரமாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் மேட்டு வளைவில் அவர் மூச்சு வாங்க நின்றார்.

"என்ன பேரு விழுந்துச்சு?"

"முழுப்பேரு."

"எம்புட்டு எடை காட்டுன?"

"ஒன்னுமில்ல" என்றாள் இன்பமேரி. "வெறுதே."

ஆடியில் புது எடுப்பு தொடங்கியது. இன்றும் அவள் சாக்குத்தான் முதலில் நிறைகிறது. சனிக்கிழமை தவறாமல் கோயிலைக் கூட்டுகிறாள், இப்போது பாடிக்கொண்டே. காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சி போகிறது. காலையில் பல் தேய்த்ததும் தானும் ஒரு டம்ளர் குடிக்கிறாள். செய்கிற வேலைகளில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. படுத்ததும் அள்ளிப் போட்டுப் பார்ப்பது மட்டும் நின்றுவிட்டது. படுத்தால் தூங்குகிறாள்.

போன வாரம் எடைக்கு நின்றபோது ஜின்சி வேண்டுமென்றே ஒரு கைக் காயை அள்ளி, ஏற்கெனவே நிறைந்திருந்த அவள் சாக்கில் போட்டாள். பவுல்ராஜ் உட்பட எல்லோரும் என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்பமேரி சாக்கின் வாயை இன்னும் கொஞ்சம் விரித்துப் பிடித்தாள்.

"ஏட்டி, குடுக்க என்ன இவ்வளவு கஞ்சத்தனம்? இன்னொரு கை போடு."