பார்க்காத ஊரின் குப்பைக் கிழமைகள்

நான் கால் வைக்காத ஓர் ஊரைப் பற்றி வாரத்தில் ஐந்து நாள் பாடம் எடுப்பதுதான் என் பிழைப்பு. யாங்கோனிலிருந்து ஜப்பானுக்கு முதியோர் இல்ல வேலைக்குப் போகிறவர்களைத் தயார் செய்யும் நிலையம் எங்களுடையது. எல்லோரும் போவது ஒரே சின்ன ஊர். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் கிழவர் கிழவிகள். ஒரு பழைய கையேட்டை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறேன். படித்ததைப் பார்த்தது போலப் பேசிப் பிழைக்கும் சக பாவிகளுக்கு என் பாடு புரியும்.

குப்பை

திங்களும் வியாழனும் எரிகிற குப்பை, புதன் பிளாஸ்டிக், கண்ணாடிக்கு மாதத்தில் ஒரு நாள். கிழமை மாறினால் பையில் சீட்டு ஒட்டி அங்கேயே விட்டுவிடுவார்கள். இதைச் சொன்னதும் வகுப்பே வாய் பிளந்தது. யாங்கோனின் லான்மடாவ் பேட்டையிலிருந்து வரும் மா தேவி மட்டும் கை தூக்கி, "சயாமா, அந்த ஊர்ல கயிறு எந்தப் பக்கம் தொங்கும்?" என்றாள். சயாமா நான்தான், இங்கே டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடங்களில் பால்கனிக்குப் பால்கனி கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப்போடு. கீழே போகிறவர் பேப்பரையோ மொஹிங்கா நூடுல்ஸ் பொட்டலத்தையோ மாட்டிவிட்டு இழுத்தால் மேலே மணி அடிக்கும். கையேட்டைப் புரட்டிப் பார்த்து, அங்கே கயிறு கிடையாது என்றேன். அவள் விடவில்லை.

"அப்ப மாடில இருக்கற கெழவிங்களுக்கு யாரு கட்டி வுடுவாங்க?"

நான்காம் மாடி

மா தேவி இரண்டு நேர்காணலில் தவறியிருந்தாள். ஊரைப் பற்றிக் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்றாவதும் போனால் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அப்பா இல்லை, அம்மாவுக்கு முட்டி போய், படி இறங்கிப் பல வருஷமாகிறது. அம்மாவைத் தனியே விட மனசில்லாமல்தான் திக்குகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். மூச்சு வாங்க நான்கு மாடி ஏறி அந்த அம்மாவிடமே, தனியாகச் சமாளிப்பீர்களா என்று கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்தார். ஒரு கட்டு புளிச்சகீரை வந்தது. யார் கொடுத்தது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"கயித்துக்குக் கீழ ஆளு இருக்கு சயாமா. எனக்காக அவ திக்க வேணாம்னு சொல்லுங்க."

மூன்றாம் தடவை

திரையில் முதியோர் இல்லத்து நிர்வாகி அம்மாள். "எங்கள் ஊரைப் பற்றி என்ன தெரியும்?" என்றார். முதல் இரண்டு பெண்கள் என் பாடத்தை அப்படியே ஒப்பித்தார்கள்: இடிந்த கோட்டை, முள்ளங்கி ஊறுகாய், மணிக்கொரு ரயில். மா தேவிக்கு எல்லாம் மறந்துவிட்டது.

பிறகு அவள் உடைந்த ஜப்பானிய மொழியில் மெல்லச் சொன்னாள்: உங்கள் ஊரில் கயிறு இல்லையாம். எங்கள் தெருவில் மாடியில் இருக்கும் என் அம்மாவுக்குக் கீழே போகிறவர்கள் கட்டி விடுகிறார்கள். உங்கள் ஊரில் அந்த வேலையை நான் செய்கிறேன்.

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார்.

"அந்த ரயிலை நிறுத்தி நாலு வருஷமாகிறது என்று உங்கள் ஆசிரியையிடம் சொல்லுங்கள். நீங்கள் எப்போது வர முடியும்?"

வாழைப்பழம்

ஜப்பான் போன பிறகு மா தேவி ஒரு செய்தி அனுப்பினாள். கையேட்டில் குப்பைக் கிழமைகள் மட்டும்தான் சரியாம். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

சனிக்கிழமைகளில் நான் லான்மடாவ் பக்கம் போகிறேன். மா தேவி வீட்டுக் கயிற்றில் ஒரு பையை மாட்டி, இழுத்துவிட்டு, நிற்காமல் நடந்துவிடுவேன். எட்டிப் பார்க்காத அந்த அம்மா, போன வாரம் மேலேயிருந்து கத்தினார்:

"யாரும்மா அது, ஒவ்வொரு வாரமும் வாழப்பழந்தானா?"

அந்த ஊரில் எந்தக் கிழமை என்ன குப்பை என்பதையும் அங்கே ஒருத்தி நன்றாக இருக்கிறாள் என்பதையும் தவிர எனக்கு உறுதியாக எதுவும் தெரியாது, ஆனாலும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரயிலை மட்டும் விட்டுவிட்டுப் பாடத்தை ஆரம்பித்துவிடுகிறேன்.