செருப்பைப் புரட்டிப் பார்த்தவர்

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனு கொடுத்த இரண்டாம் மாதம், தாலுகா ஆபீஸிலிருந்து போன் செய்துவிட்டு ஒருவர் விசாரணைக்கு வந்தார். ஒல்லியான ஆள், காலர் வெளுத்த சட்டை. போலியோவில் சூம்பிய என் இடது காலை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

"கோட்ட மேலல்லாம் ஏறுவீங்களா?" என்று சும்மா கேட்பதுபோல, எங்கள் ஊர்க் கோட்டை நிற்கும் ராஜகிரி மலையைக் காட்டினார்.

"வாசப்படி ஏறவே ஆள் புடிக்கணும் சார்."

அவர் வாசலில் கிடந்த என் செருப்புகளை எடுத்துப் புரட்டி, அடிப்பக்கத்தை விரலால் தடவினார்.

"இன்னாங்க இது, ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது? கால இழுத்து நடக்கறவரு செருப்பு இப்பிடியா இருக்கும்?"

என் மனைவி கொல்லைக்கு ஓடி, என் பழைய செருப்போடு வந்தாள்.

"நீங்க வர்றீங்கன்னு காலைலதான் புதுசு வாங்கியாந்தேன் சார். பழசு இதோ!"

பழைய இடது செருப்பின் முனை தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. அவர் அதையும், அவளையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆறு மாதமாகிறது. மனு பரிசீலனையில் இருக்கிறதாம். அவர் நம்பினாரா, அதுவும் நாடகம் என்று எழுதிவிட்டாரா, தெரியவில்லை. புதுச் செருப்பு பரணில் கிடக்கிறது. கடைவீதிக்குப் போனாலும் ஓட்டைச் செருப்பைத்தான் இழுத்துக்கொண்டு போகிறேன். எந்தக் கடையோரம் நின்று பார்க்கிறாரோ!